வேன்காரன் பக்கத்துக் காலிக் கட்டங்கள்

ஜூன் 9, ஞாயிறு

வியாழனன்று பிடித்த தலைவலி இன்று காலைதான் முழுதாக விட்டது. மூன்று நாளும் மாத்திரையில் ஓடியது. அலுவலகத்தில் ஏ.சி.க்கு நேர் கீழே என் நாற்காலி. அதுதான் காரணமாக இருக்கும்.

மதியம் பெட்டிக்காரர் கடைக்குப் போனேன். பலகை விளையாட்டுகள் விற்கிறவர், வாடகைக்கும் விடுவார். புதிதாக எது வந்தாலும் முதல் பெட்டியைக் கடையின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் பிரித்து விளையாடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது அலமாரிக்குப் போகும். இரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. எத்தனை நேரம் ஆகிறது, விதி எங்கே குழப்புகிறது, சண்டை எந்த இடத்தில் வருகிறது என்று அவருடைய பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் பலகை இருந்த நிலையை என் சொந்த நோட்டில் வரைந்துகொள்வேன். அதை யாரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நிருபர் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். விபத்து நடந்த இடம், நீதிமன்ற அறை, கூட்ட மேடை எதுவானாலும் வரைந்து வைத்தால்தான் எனக்கு அது நடந்தது.

இன்றைய விளையாட்டின் பெயர் ‘ஊர்’. பத்துக்குப் பத்து கட்டம் போட்ட பலகை, ஆளுக்கு இருபது மரவீடுகள். எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் கைக்கு எட்டும் ஓரம் என்பதால் எல்லோரும் தன் பக்கத்தில்தான் ஆரம்பிப்போம். எங்கள் இடங்கள் மாறுவதே இல்லை. எனக்கு எதிரே டீச்சர். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர், மதிப்பெண் போடுவதும் அவர்தான். வலப்பக்கம் பெட்டிக்காரர். இடப்பக்கம் வேன்; அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம். சொந்த வேனை ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுகிறான். பழைய வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரனாக இருந்ததிலிருந்து இருபத்தைந்து வருஷப் பழக்கம். என்னைப் பேப்பர் என்பான்.

அவன்தான் ஜெயித்தான். அறுபத்திரண்டு. வரையும்போது ஒன்று உறுத்தியது. நடுவில் அவனுக்கு ஏழு வீடுகள்தான் இருந்தன. அவன் பக்கத்து ஓரம் மூன்று வரிசையும் காலிக் கட்டங்கள். ஏழு வீட்டுக்கு எப்படி அறுபத்திரண்டு? டீச்சர் கணக்கில் தப்பமாட்டார். நான் கவனிக்காத ஏதோ ஒரு விதி இருக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

சாப்பாட்டு மேசை முனையில் இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. தொடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. மேசையை நகர்த்தினாயா என்று மனைவியைக் கேட்டேன். ‘அத நகத்த நாலு ஆள் வேணும். நான் ஒருத்தி நகத்தினேனாக்கும்.’

ஜூன் 16, ஞாயிறு

இன்று ‘நதி’. படகுகள், சுங்கச்சாவடிகள், வெள்ளம் வந்தால் எல்லாம் ஒரு கட்டம் கீழே போகும். ஒன்றரை மணி நேரம். சண்டை வெள்ளத்தில்தான் வருகிறது, பதிவேட்டில் எழுதிவிட்டேன். பெட்டிக்காரர் வழக்கம்போல நாற்காலிமேல் ஏறி நின்று, கடைசிப் பலகையைப் போனில் படம் எடுத்தார். விழுந்துவிடுவார் என்று ஒவ்வொரு வாரமும் டீச்சர் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொள்வார்.

ஆட்டத்தின் நடுவில் டீச்சர் வேனிடம், ‘உங்க பக்கம் ஒரு தோணிகூட நுழைய முடியாது போலிருக்கே, அப்படி அடைச்சு வச்சிருக்கீங்க’ என்றார். அவன் பக்கம் காலியாக இருந்ததால் கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்தேன். வேன் சிரிக்கவில்லை. ‘பின்ன, கதவ தொறந்து போட்டு தூங்கச் சொல்றீங்களா’ என்றான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வாரம் மாதிரியே. அவன் முகத்துக்கு நேர் கீழே மூன்று வரிசை காலி. தன் மடிக்குப் பக்கத்தில் இருப்பதை ஏன் விடுகிறான்?

ஜூன் 20, வியாழன்

அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அந்த இரண்டு படங்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு விபத்தை எழுதினேன். நின்றிருந்த பள்ளி வண்டி கிளம்புகிறது. முன் பம்பருக்குக் கீழே ஒரு குழந்தை செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் ரோட்டோரம் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: ‘பாக்கலைங்க. சத்தியமா பாக்கலைங்க.’ அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் சோதித்தபோது கண்ணில் கீழ்ப்பக்கப் பார்வையே இல்லை என்று தெரிந்தது. அவருக்கே அது தெரியாது. அந்த இடத்தையும் வரைந்தேன். செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்பதுவரை.

வேன் தினமும் பதினான்கு குழந்தைகளை ஏற்றி இறக்குகிறான்.

இல்லை. விளையாட்டில் யாரோ கட்டம் விட்டால் கண் போய்விட்டதாக அர்த்தமா? கிறுக்குத்தனம்.

ஆனாலும் அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

புது விளையாட்டு, எரிகிற வீட்டில் சிக்கியவர்களைக் காப்பாற்றுவது. ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது; நாலு பேரும் ஒரே கட்சி. ஜெயித்தால் எல்லோரும், எரிந்தால் எல்லோரும். தீ என்பது சிவப்பு வில்லைகள். என் முறை வந்தபோது சமையலறைப் பக்கம் தண்ணீர் அடித்தேன். வேன், ‘யோவ், இங்க என் ஆளு நிக்கிறான், இந்த ரூம அணை’ என்றான். அவன் பக்கத்து அறையைப் பார்த்தேன். வெறும் தரை. ‘அங்க தீயே இல்லையேப்பா’ என்றேன்.

‘என் ஆளு சட்டையே பத்திக்கிச்சு, தீ இல்லைங்கிற. பேப்பர்ல இப்படித்தான் எழுதுறியா?’

டீச்சரும் பெட்டிக்காரரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார்கள். அவன் விரலை வைத்துக் காட்டினான். விரலைப் பின்தொடர்ந்து பார்த்தபோது மூன்று சிவப்பு வில்லைகள் இருந்தன. அதற்கு முந்தின நொடி இல்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவற்றை எப்போது வைத்தான்?

வீடு எரிந்தது. தோற்றோம்.

தன் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரிவதில்லை. தெரியாததை மறைக்க, கடைசி நேரத்தில் எதையாவது வைத்துச் சமாளிக்கிறான். மற்ற இருவரும் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை. அப்படியானால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தே மூடி மறைக்கிறார்களா? டீச்சர் போடும் மதிப்பெண்கூட—

டீச்சரையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

இன்றைய பேப்பரில் திருத்தம் போட வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டடத் திறப்பு விழாச் செய்தியில், மேடையில் இருந்த மூன்று பேரை விட்டுவிட்டேன். மூன்று பேரும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களாம். உதவி ஆசிரியர் என் மேசைக்கு வந்து, ‘அந்த மூணு பேர் மேல உங்களுக்கு என்ன சார் பகை? ஒருத்தர் அழாத குறையா போன் பண்றார்’ என்றார். மண்டை முழுக்க வேன் விவகாரம் ஓடினால் வேலை இப்படித்தான் நடக்கும்.

அவர் வந்து நின்றதும் திடுக்கிட்டுப் போனேன். நடந்து வந்தது தெரியவில்லை. இப்போதெல்லாம் மனிதர்கள் வருவதில்லை, முளைக்கிறார்கள். நரம்புத் தளர்ச்சி வருகிற வயசா இது?

ஜூன் 28, வெள்ளி

காலையில் இவளைச் சீக்கிரமே வேலைக்கு இறக்கிவிட்டு, பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைப் படியில் நின்றேன். நண்பனை வேவு பார்க்கிறேன். அப்படித்தான் எழுத வேண்டும். வேறு வார்த்தை இல்லை.

8.12க்கு வண்டி வந்து நின்றது. வேன் இறங்கி வந்து கதவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையாக எண்ணி இறக்கினான். ஒரு சிறுமியின் தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கிக் கொடுத்தான். 8.16க்கு ஏறி உட்கார்ந்தான். வண்டி அசைந்தது. அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். முன்னால் யாரும் இல்லை. ரோடு காலி. திடீரென்று பம்பருக்கு இரண்டடி முன்னால் ஒரு பையன், முதுகுப் பையோடு நிற்கிறான். வண்டி நிற்கிறது. பையன் கடந்து போகிறான்.

அவன் எங்கிருந்து வந்தான்? வானத்திலிருந்தா? நான் பார்க்கவில்லை. வேனும் கடைசி நொடியில்தான் பார்த்திருக்க வேண்டும்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 30, ஞாயிறு

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வேன் போன் செய்தான். ‘நீ வராம நாலாவது ஆளுக்கு பெட்டிக்காரர் சம்சாரத்த உக்கார வச்சோம். எங்க மூணு பேரையும் துவைச்சு காயப் போட்டுட்டாங்க. சீக்கிரம் வந்து சேரு.’

சரி என்று போனை வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் எனக்குப் பழக்கமானவர். பத்தரைக்குப் போன் செய்தேன். இன்ன வேன் ஓட்டுநரின் கண்ணைச் சோதிப்பது நல்லது, கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை, வெள்ளிக்கிழமை நானே பார்த்தேன் என்றேன். என் பெயர் வெளியே வரக் கூடாது என்றேன். எத்தனை பேர் என்னிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் தாழ்த்தினேன்.

அவனிடமே முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்துத் தட்டிவிட்டிருப்பான். அந்த வாரத்தில் ஏதாவது ஆகியிருந்தால்?

சரியானதைத்தான் செய்தேன். பிறகு ஏன் சாப்பிட முடியவில்லை?

ஜூலை 7, ஞாயிறு

வேன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். பெட்டியைப் பிரித்ததும் ஆட்டத்தை ஆரம்பிக்க விடவில்லை.

‘எவனோ போட்டுக் குடுத்திருக்கான். எனக்கு கண்ணு தெரியலையாம். சர்டிபிகேட் கொண்டா, அதுவரைக்கும் வண்டி எடுக்காதன்னு சொல்லிட்டாங்க.’

‘யாராம்?’ என்றார் பெட்டிக்காரர்.

‘பேரு சொல்லமாட்டாங்களாம். ரொம்ப நம்பிக்கையான ஆளாம்.’

டீச்சர், ‘பொறாமைக்காரங்க யாராவது இருக்கும். டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டு வாங்க, வாய மூடிட்டு போயிடுவாங்க’ என்றார். நான் அட்டைகளைக் கலைத்தேன். மூன்று தடவை கலைத்தேன். ‘போதும்யா, கிழிஞ்சிடப் போகுது’ என்று வேன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

ஆட்டம் என்ன, யார் ஜெயித்தார்கள், ஒன்றும் மனசில் இல்லை. படம் மட்டும் வரைந்தேன். அவன் பக்கம் காலி.

ஜூலை 9, செவ்வாய்

வேனின் இரண்டு கண்ணும் சரியாக இருக்கின்றன. சான்றிதழைப் போனில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். பக்கவாட்டுப் பார்வை, கீழ்ப் பார்வை எல்லாம் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து. நாலு தடவை படித்தேன்.

அவசரத்தில் பார்த்திருப்பார்கள். நாலு படம் பொய் சொல்லுமா? நான் வரைந்தது.

ஆனால் பள்ளியில் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. செய்தி பெற்றோர்களுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம்.

ஜூலை 11, வியாழன்

வலது கையால் எழுதுகிறேன், எனக்கு அடி ஒன்றும் இல்லை. இவளுக்குத்தான்.

வழக்கம்போல ரத்தப் பரிசோதனை நிலையத்தில் விட ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துப் போனேன். இவள் அங்கே டெக்னீஷியன், எட்டரைக்கு வேலை. தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி எங்கிருந்தோ வந்து இடித்தது. இவள் கீழே கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது.

தள்ளுவண்டிக்காரர் கோபப்படக்கூட இல்லை. அதிர்ந்துபோய் நின்றார். ‘நான் ஓரமா நின்னுட்டு இருக்கேன் சார். அரை மணி நேரமா இங்கதான் நிக்கிறேன். நேரா என் மேல வந்து விட்டீங்களே’ என்றார். இவள் தரையில் உட்கார்ந்தபடியே, ‘கத்தினேனேங்க. வண்டி வண்டின்னு கத்தினேனே’ என்றாள். கத்தியது கேட்டது. எந்த வண்டி என்று தெரியவில்லை.

மாவுக்கட்டு போடும்வரை கூடவே இருந்தது யார்? வேன். வேலை இல்லாமல் வீட்டில் இருந்ததால் கூப்பிட்டதும் வந்துவிட்டான். தன் வேனிலேயே வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். இவள் ஏறும்போது படியில் ஒரு மணையைப் போட்டான், பிள்ளைகள் ஏறுவதற்கு வைத்திருப்பது.

‘தங்கச்சி, இனிமே இந்த ஆளு வண்டில ஏறாதம்மா. எனக்கு கண்ணு தெரியலன்னாங்க, இவனுக்கு ஒண்ணுமே தெரியல போல.’

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். இவளும் வலியோடு சிரித்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

வேன் வரவில்லை, பெற்றோர் கூட்டம். மூன்று பேரும் ஏதோ ஒரு சீட்டாட்டத்தைப் பிரித்து அரை மணியில் மூடிவிட்டோம். பெட்டிக்காரர் கடை முன்னால் வாடிக்கையாளரைப் பார்க்கப் போனதும் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். போன் செய்தது நான்தான் என்று. அவர் முகம் மாறுவதற்குள் நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன். ஆதாரம் இருக்கிறது, நானாகக் கற்பனை செய்யவில்லை என்றேன்.

டீச்சர் நாலு படங்களையும் பார்த்தார். நிதானமாக, விடைத்தாள் பார்ப்பது போல.

‘இதெல்லாம் எப்ப சார் வரைஞ்சது?’

‘அன்னன்னிக்கே. ஆட்டம் முடிஞ்ச கையோட.’

‘பலகைய பாத்துக்கிட்டேவா?’

‘பாத்துக்கிட்டேதான்.’

அவர் எழுந்து போய்ப் பெட்டிக்காரரின் போனை வாங்கி வந்தார். ஜூன் 9ஆம் தேதிப் படத்தை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வேன் பக்கத்து ஓரத்தில் பதின்மூன்று பச்சை வீடுகள். மூன்று வரிசையிலும். நடுவில் ஏழு. மொத்தம் இருபது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் — எல்லாவற்றிலும் அவன் பக்கம்தான் நெரிசல்.

‘அவர் வச்ச வீடெல்லாம் உங்க படத்துல எங்க சார்?’

போனையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

டீச்சர் பெட்டியிலிருந்து ஒரு மரவீட்டை எடுத்துக்கொண்டார். என் எதிரே உட்கார்ந்து, ‘என் மூக்க மட்டும் பாருங்க. கண்ண திருப்பக் கூடாது. வீடு தெரிஞ்சதும் சொல்லுங்க’ என்றார். மூக்கைப் பார்த்தேன். மூக்குத்தியில் ஒரு கல் மங்கியிருந்தது. கடை முன்னால் யாரோ பேரம் பேசினார்கள். காத்திருந்தேன்.

‘எப்ப டீச்சர் ஆரம்பிக்கப் போறீங்க?’ என்றேன்.

‘ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு சார்’ என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. கண்ணைத் திருப்பினேன். என் இடது கைக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில், பச்சை வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டு.

ஜூலை 17, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. கண் மருத்துவர் என்னை நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

‘கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார். பின் மூளையில வலது பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ஒன்றரை மாசம் இருக்கும். அந்த சமயத்துல தலைவலி ஏதும் வந்துதா?’

வந்தது. ஏ.சி. என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் இடது கீழ்ப்பக்கத்துப் படம் எனக்கு வருவதில்லை. இருட்டாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேனே என்று கேட்டேன். ‘இருட்டா தெரியாது. வராத எடத்த மூளை சும்மா விடாது, பக்கத்துல என்ன இருக்கோ அதையே போட்டு நிரப்பிக்கும். சுவர்னா சுவர். ரோடுன்னா ரோடு’ என்றார்.

கட்டம் போட்ட பலகை என்றால்? அதை நான் கேட்கவில்லை. காலிக் கட்டங்கள்.

மேடையில் விட்டுப்போன மூன்று பேர். முளைத்த உதவி ஆசிரியர். மேசை முனை. வானத்திலிருந்து விழுந்த பையன். அவனை வேன் தூரத்திலேயே பார்த்து, அவனுக்காகவே வண்டியை நிறுத்தி வைத்திருந்திருப்பான். அசைந்ததா என்று எனக்கே சந்தேகம். சந்தேகத்தை எழுதினேன், போனில் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம். தினமும் காலையில் இவளைப் பின்னால் உட்கார வைத்து, இல்லாத ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்க்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

இனி வண்டி தொடக் கூடாது. மாத்திரை ஆயுசுக்கும். மறுபடி வரலாமா என்று கேட்டேன். ‘வராம பாத்துக்குவோம்’ என்றார். வராது என்று சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

பெற்றோர் கூட்டத்தில் வேறு வண்டி வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார்களாம். சான்றிதழைப் பார்த்தார்களாம். ‘இருந்தாலும்’ என்றார்களாம்.

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், ‘என் கை போகட்டும். அண்ணன்கிட்ட நீங்களே போய் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்’ என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

போகவில்லை. பயம்.

ஜூலை 20, சனி

போனேன்.

வேன் தன் வீட்டு முன்னால் வண்டியின் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏறி வந்து உட்காரச் சொன்னான். பிள்ளைகளுக்கான இருக்கை, முழங்கால் இடிக்கிறது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். போன், தேதி, நேரம், என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், ஸ்கேன். நோட்டையும் கொடுத்தேன். அவன் படங்களைப் பார்க்கவே இல்லை. துணியை வாளியில் பிழிந்தான். வெகுநேரம் பிழிந்தான்.

‘பேரு சொல்ல வேணாம்னு நீதான் சொன்னியா?’

‘ஆமா.’

‘பேரு சொல்லியிருந்தா உன் வீட்டுக்கு வந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். சட்டைய புடிச்சிருப்பேன். அன்னிக்கே முடிஞ்சிருக்கும். யாருன்னு தெரியாம, இந்த மூணு வாரத்துல தெருவுல ஒருத்தர் விடாம சந்தேகப்பட்டுட்டேன் பேப்பரு. உன்ன மட்டுந்தான் நெனைக்கல.’

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

‘புள்ளைங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்காங்க தெரியுமா? மாமாக்கு கண்ணு தெரியாதுன்னு. கணக்கு முடிக்க ஸ்கூலுக்கு போனேன். ஒண்ணாங் கிளாஸ் பொண்ணு, பாட்டில் மூடி தொறக்கத் தெரியாது அதுக்கு. ஓடி வந்து என் கைய புடிச்சு, ரோடு தாண்டி விடறேன் மாமாங்குது.’

துணியை மறுபடி வாளியில் முக்கினான். பிறகு, ‘டாக்டர் என்ன சொன்னாங்க, மாத்திரை ஒழுங்கா போடறியா?’ என்று கேட்டான். போடுகிறேன் என்றேன். ‘சரி, கெளம்பு’ என்றான். இறங்கும்போது இடது பக்கப் படி தெரியாமல் தடுமாறினேன். பிடிக்கக் கை நீட்டினான். பிடித்ததும் விட்டுவிட்டான்.

ஜூலை 22, திங்கள்

பள்ளிக்குப் போய் என் பெயர் போட்டு, கையெழுத்திட்டு, மருத்துவ அறிக்கை நகலோடு எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் படித்துவிட்டு, ‘புரியுது சார். ஆனா இப்ப வேற வண்டி போட்டாச்சே’ என்றார். வாசலில் நின்று பார்த்தேன். புது வண்டி நீல நிறம். தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. இனி எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

வேன் வரவில்லை. டீச்சர் என்னோடு அளவாகப் பேசினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வரவில்லை. அவன் நாற்காலி காலி. கையால் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை நாலரைக்கு விழிப்பு. வலக்கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்தல். மறுபடியுமா? கடிகாரத்தின் எல்லா எண்களும் தெரிகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன. ஏழும் எட்டும் தேடித்தான் கிடைத்தன. குத்தல் போய்விட்டது. இவளை எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வரவில்லை. இனி ‘ஊர்’ பெட்டியை அலமாரிக்கு அனுப்பிவிடலாமா என்று பெட்டிக்காரர் கேட்டார். நான் பதிவேட்டில் அதற்குக் குறிப்பே எழுதவில்லையாம். இன்னொரு தடவை விளையாடிவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெட்டிக்காரர் ‘ஊரை’ விரித்துக்கொண்டிருந்தார். நாலாவது ஆளாக அவர் மனைவி வருவதாக இருந்தது. செருப்பு விடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் என் இடப்பக்கத்து நாற்காலி இழுபட்டது. கழுத்தைத் திருப்பினேன். வேன்.

‘ஷிப்ட் மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை இப்ப லீவு’ என்று பொதுவாகச் சொன்னான். பஞ்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றுகிறான் இப்போது. ‘எல்லாம் பெரிய ஆளுங்க. ஏறினதும் தூங்கிடறாங்க. எண்ணி எறக்குற வேலையில்ல.’

டீச்சர் வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார். அவனுக்குப் பச்சை.

‘உனக்கு எந்த எடம் தெரியாது?’ அவன் என்னைப் பார்த்துக் கேட்டானா, பலகையைப் பார்த்தா, தெரியவில்லை.

‘இடது பக்கம். கீழ.’

‘அப்ப என் பக்கந்தான்.’

‘ஆமா.’

எங்கள் இரண்டு பேரின் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாமா என்று பெட்டிக்காரர் எழுந்தார். ‘உக்காருங்க’ என்றான் வேன்.

முதல் வீட்டை வைத்தான். வைத்தான் என்பதைவிட அடித்தான் என்று சொல்ல வேண்டும். பலகையில் டொக்கென்று சத்தம். சத்தம் வந்த இடத்துக்குத் தலையைத் திருப்பினேன். பச்சை வீடு. அடுத்த முறையும் டொக். கடைசிவரை ஒரு வீட்டைக்கூட அவன் சும்மா வைக்கவில்லை. என்னோடு வேறு பேசவும் இல்லை. மற்ற இரண்டு பேரையும் பட்டப்பெயர் வைத்துத் திட்டுகிறவன், என்னை இன்று ஒரு தடவைகூடப் பேப்பர் என்று கூப்பிடவில்லை.

டீச்சர் ஜெயித்தார். ஐம்பத்தெட்டு. பெட்டிக்காரர் நாற்காலிமேல் ஏறினார், டீச்சர் காலைப் பிடித்துக்கொண்டார். வேன் கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் வருவானா என்று நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதியது: ‘ஊர். நாலு பேர். ஐம்பது நிமிடம். விதி தெளிவு.’ சண்டை எங்கே வருகிறது என்ற இடத்தை விட்டுவிட்டேன்.

பிறகு என் நோட்டை எடுத்தேன். கழுத்தைத் திருப்பி, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து வரைந்தேன். அவன் பக்கத்தில் பதினொரு வீடுகள். சந்தேகமாக இருந்தது. பெட்டிக்காரரைக் கூப்பிட்டு அவரையும் எண்ணச் சொன்னேன். பதினொன்றுதான்.